ஒரு போர், இரு பக்க நினைவுக்கற்கள்

அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிக்குப் போகும் கரிசல் சாலை, இருநூறு ஆண்டுகளுக்கு முன் போர் நடந்த சீமை வழியே செல்கிறது. ஓட்டப்பிடாரத்துக்கு அருகில்தான் பாஞ்சாலங்குறிச்சி.

1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மன் தலைமையில் கிழக்கிந்தியக் கும்பெனிப் படை அங்கிருந்த கோட்டையைத் தாக்கியது. அக்டோபர் 16 அன்று அதன் பாளையக்காரர் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கதை அதோடு முடியவில்லை. 1801 பிப்ரவரியில் அவருடைய தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிவந்தார். இடிந்து கிடந்த மண்கோட்டை சில நாட்களில் மீண்டும் எழுந்தது. மார்ச் 31 அன்று தாக்கிய படை தோற்றுத் திரும்பியது. மே 24 அன்றுதான் கர்னல் அக்னியூ அதைப் பிடித்தார், கோட்டை தரைமட்டமானது.

அங்கிருந்து தப்பிய ஊமைத்துரை கமுதிப் பக்கம் வந்து சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்களோடு சேர்ந்தார். அந்த மருதிருவர் பிறந்த ஊர் திருச்சுழி வட்டாரத்து நரிக்குடியை அடுத்த முக்குளம் என்பார்கள். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் அவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

பாஞ்சாலங்குறிச்சிச் சண்டைகளில் இறந்த ஆங்கிலேயர்களின் கல்லறைகள் அந்தப் பக்கம் இன்றும் உள்ளன. கட்டபொம்மனுக்குத் தமிழக அரசு நினைவுக்கோட்டை எழுப்பியது 1974-இல்தான். வென்றவருக்கு உடனே கல் கிடைத்தது. மண்ணின் மைந்தருக்கு 175 ஆண்டுகள் ஆயின.

அடுத்த முறை அந்த வழியாகப் போனால், பிள்ளைகளை அழைத்துச்சென்று கல்லறைகள், நினைவுக்கோட்டை இரண்டையும் காட்டுங்கள்.