ஊரறிந்ததும் அவளறியாததும்

நமது கிராமங்களில் ஒரு பெண் பருவமெய்தினால், தாய்மாமன் சீர்வரிசையோடு வருவதும், ஒலிபெருக்கி தெருமுனையில் முழங்குவதும், மஞ்சள் நீராட்டுப் பத்திரிகை உறவினர் வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேருவதும் இன்றளவும் நடந்து வருகின்றன; ஆனால், அவ்வளவு விமரிசையாக ஊருக்கு அறிவிக்கப்படும் அந்தச் சரீர மாற்றம் ஏன் நிகழ்கிறது, இனி மாதந்தோறும் என்ன நேரும் என்பதை அந்தச் சிறுமியைத் தனியே அமரவைத்து நிதானமாகச் சொல்பவர் அநேகமாக ஒருவரும் இலர். அவளுக்குக் கிடைப்பவை தனித் தட்டும், தனிப் பாயும், ‘அதைத் தொடாதே, அங்கே போகாதே’ என்னும் விலக்குகளுமே.

கருவை ஏற்பதற்காகத் தடித்த கருப்பையின் உட்சுவர், கரு தரிக்காதபோது குருதியோடு உதிர்கிறது என்பதும், முதல் இரண்டோர் ஆண்டுகளில் அது நாள் தவறி வருவது இயல்பென்பதும், அதில் தீட்டு என்று எதுவுமில்லை என்பதும் சில நிமிஷங்களில் விளங்கக்கூடிய விஷயங்கள். அறிவியல் பாடநூலிலும் இவற்றுக்கு இடமுண்டு. ஆயினும் ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று ஆசிரியர் பக்கத்தைப் புரட்டிவிடும் வகுப்பறைகள் பல. அவரைக் குறைகூறிப் பயனில்லை. அவருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

அரசு வாளாவிருக்கவில்லை. கிராமப் பெண்களுக்கு இலவச நாப்கின் வழங்கும் ‘புதுயுகம்’ திட்டம் தமிழ்நாட்டில் 2012 இல் நடைமுறைக்கு வந்தது. 10 முதல் 19 வயதினருக்கான தேசிய வளரிளம் பருவ நலத்திட்டம் 2014 இல் தொடங்கிற்று. இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்தசோகை உடையவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது; அந்தக் குறையைப் போக்கப் பள்ளிகளில் வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரையும் தரப்படுகிறது. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும், மலம் கறுக்கும், அதனால் அபாயமில்லை என்று முன்கூட்டியே சொல்லப்படாத இடத்தில் அந்த நீல மாத்திரை ஜன்னலுக்கு வெளியே போய் விழுகிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் கதை இன்னும் வருத்தத்துக்குரியது. வெள்ளைப்படுதலோ தாங்கவொண்ணா வயிற்றுவலியோ உள்ள மாணவி அங்கே போவதானால், பள்ளிக்கு விடுப்பெடுத்து, சீட்டு வாங்கும் வரிசையில் பக்கத்துவீட்டு அத்தைக்குப் பின்னால் நின்று, ‘கல்யாணமாகாத பெண்ணுக்கு இங்கே என்ன வேலை?’ என்ற பார்வையைச் சகித்தாக வேண்டும். அவள் வராததற்கு வெட்கத்தைக் காரணமாகச் சொல்கிறோம். அந்தரங்கத்துக்குக் காவலில்லாத இடத்தை அவள் விவேகத்தோடு தவிர்க்கிறாள் என்பதே என் அபிப்பிராயம். 18 வயது நிறையாதவள் கருவுற்றாலோ, போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் போகுமே என்ற அச்சம் குடும்பத்தைப் போலி மருத்துவரிடம் துரத்துகிறது. கருக்கலைப்பை நாடும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் அவள் பெயரை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்திருப்பதை அவர்களிடம் யார் சொல்வது?

ஆண்பிள்ளைகளை நாம் அடியோடு மறந்துவிட்டோம். உறக்கத்தில் விந்து வெளியேறுவது வியாதியன்று என்ற ஒரே வாக்கியத்தைத் தகப்பனாரோ அண்ணனோ சொல்லாததால், உடல் தேய்ந்துவிடும் என்று அஞ்சி, லாட்ஜ் அறையில் முகாமிடும் வைத்தியரிடம் லேகியத்துக்குப் பணம் கட்டும் பையன்கள் உண்டு. கிராம சுகாதாரச் செவிலியர் மாணவிகளைப் பார்க்கப் பள்ளிக்கு வரும் அன்றே, சுகாதார ஆய்வாளர் ஒருவரும் உடன்வந்து, பையன்களுக்கென்று தனியறையில் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். இதற்குப் புதிய கட்டடமோ புதிய பணியிடமோ தேவையில்லை.