தாவிக்கிட்டே பேசுற ரேடியோ!

சிம்போசியம் அன்னிக்கு ஃபைனல் ரவுண்டுல எங்க ரோபோ கார் நடு டிராக்கில் நின்னுடுச்சு. பேட்டரி ஃபுல், வயரிங் ஓகே. ரிமோட்டை எவ்வளவு அழுத்தினாலும் ம்ஹூம்! திடீர்னு அதுவா ரைட்ல திரும்புச்சு. பார்த்தா, பக்கத்து டீம் பையன் அவன் ரிமோட்டை அழுத்திக்கிட்டு இருக்கான்!

ரெண்டு மாச உழைப்பு, ரெண்டே நிமிஷத்தில் காலி. தப்பு எங்க மேலதான். நாலு டீமும் போட்டிருந்தது ஒரே 433 மெகாஹெர்ட்ஸ் மாட்யூல். முகவரியைக்கூட யாரும் மாத்தலை. லேப்பில் தனியா இருந்தவரை சூப்பரா ஓடுச்சு. நாலு பேர் ஒரே அலைவரிசையில் கத்தினா?

ஆனா அதே ஹாலில் ஒரு ப்ளூடூத் கார் மட்டும் ஜாலியா சுத்திக்கிட்டு இருந்தது. இத்தனைக்கும் ப்ளூடூத் குடியிருக்கிற 2.4 கிகாஹெர்ட்ஸ் ஏரியா, தீபாவளிக்கு முந்தின நாள் தி.நகர் மாதிரி. வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான். எப்படித் தப்பிச்சுது?

கேன்டீனில் 79 டேபிள்னு வெச்சுக்கோங்க. சத்தத்துக்கு நடுவே ரெண்டு பேர் டேபிள் மாறி மாறி உட்கார்ந்து பேசுறாங்க. அடுத்தது எந்த டேபிள்ங்கிற வரிசை அவங்க ரெண்டு பேருக்கும் மனப்பாடம். கிளாசிக் ப்ளூடூத் இதைத்தான் செய்யுது. 79 சேனல்கள், விநாடிக்கு 1,600 தாவல். ஒரு சேனலில் இரைச்சலா? அந்தத் துண்டுத் தகவல் மட்டும்தான் போச்சு. அடுத்த தாவலில் மறுபடி அனுப்பிடும். இந்த டெக்னிக் ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் குடும்பத்தில் ஒண்ணு.

சிக்கல் வைஃபையால வந்தது. அந்த கேங் வந்தா சுமார் 20 டேபிளை மொத்தமா பிடிச்சிடும். தாவுறவங்க திரும்பத் திரும்ப அங்கேயே போய் இடிச்சுக்குவாங்க. 2003-ல் வந்த ப்ளூடூத் 1.2-ல் இதுக்கு மருந்து: எந்தெந்த சேனல் மோசம்னு குறிச்சு வெச்சுக்கிட்டு, அதை விட்டுட்டு மத்ததில் மட்டும் தாவும். குறைஞ்சது 20 சேனலாவது கையில் இருக்கணும், அவ்வளவுதான். சண்டையே போடாம ஒதுங்கிப் போற புத்திசாலித்தனம்!

தாவல் ஐடியா பழசு பாஸ். எதிரி குறுக்கிட முடியாத டார்பிடோ ரிமோட்டுக்காக 1942-ல் காப்புரிமை வாங்கினவங்க யார் தெரியுமா? ஹாலிவுட் ஹீரோயின் ஹெடி லமாரும், இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலும்! அதில் 88 அலைவரிசை. பியானோ கட்டைகளும் 88 தான். அமெரிக்க கடற்படை அப்போ அதைக் கண்டுக்கவே இல்லை.

நாங்க மாட்யூலை மாத்தியாச்சு. இப்போ பக்கத்து டீம் ரிமோட்டுக்கெல்லாம் எங்க கார் திரும்புறதில்லை. கொஞ்ச தூரம் போயிட்டா எங்க பேச்சையும் கேக்கறதில்லைங்கிறது வேற விஷயம்!