1,200 கிலோ குழந்தை

அக்கா மகள் ஹவுஸ் சர்ஜனாகி மூன்று மாதம் ஆகிறது. இப்போது குழந்தைகள் வார்டு. நைட் டியூட்டி முடித்து ஞாயிற்றுக்கிழமை காலை நேராக எங்கள் வீட்டுக்கு வந்தவள், இட்லி வேகும் நேரத்தில் போனை எடுத்து நீட்டினாள். மருத்துவ ஆப்கள் வரிசையாக நின்றன. எண்ணினேன், 14. உடற்கூறுக்கு ஒன்று, மருந்துகளுக்கு மூன்று, பி.ஜி. நுழைவுத் தேர்வுக் கேள்வி வங்கிகள் நான்கு. மிச்சம் எதற்கென்று அவளுக்கே நினைவில்லை.

"எல்லாத்தையும் பார்க்கிறியா?"

"எங்க மாமா! சீனியர்ஸ் சொன்னாங்க, போட்டு வச்சிருக்கேன். எது நல்லதுன்னு நீங்கதான் சொல்லுங்களேன்."

எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் செல்போன் சமாச்சாரங்களை எழுதிப் பிழைக்கிறவன். சந்தையில் பானை வாங்குகிறவர்கள் விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி ஓர் ஆப்பைத் தட்டிப் பார்க்க வரும். முதலில் அவள் வார்டில் அதிகம் பயன்படுத்தும் மருந்தளவுக் கணக்கியைத் திறக்கச் சொன்னேன். 4.6 நட்சத்திரம் வாங்கிய ஆப்.

12 கிலோ குழந்தை, காய்ச்சல். பட்டியலில் பாராசிட்டமாலைத் தேடினால் கிடைக்கவில்லை. அசிட்டமினோஃபென் என்று இருந்தது. அதே மருந்துக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர். எடையை அடித்தாள். கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 180 மி.கி. என்று வந்தது. சரியான கணக்கு. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: 5.6 மி.லி.

"எந்த பாட்டில்ல இருந்து 5.6?" என்று கேட்டேன்.

அவள் பதில் சொல்லவில்லை. மளிகை பில்லைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தாள். அமெரிக்காவில் குழந்தைகளுக்கான இந்த சிரப் 5 மி.லி.க்கு 160 மி.கி. என்ற அளவில் வரும். ஆப் மனத்தில் வைத்திருப்பது அந்த பாட்டிலை. நம் மருந்துக் கடைகளில் 5 மி.லி.க்கு 120 உண்டு, 125 உண்டு, 250-உம் உண்டு. 250 பாட்டிலில் இருந்து 5.6 மி.லி. ஊற்றினால் குழந்தைக்குள் போவது 280 மி.கி. அதாவது கிலோவுக்கு 23-க்கும் மேலே. 120 பாட்டிலில் இருந்து ஊற்றினால் 134-தான், கணக்கிட்ட அளவைவிடக் குறைவு. ஆப் கணக்கில் பிழையே இல்லை. பாட்டில்தான் வேறு நாட்டுப் பாட்டில்.

அப்புறம் நான் பானையைத் தட்டினேன். 12-க்குப் பக்கத்தில் இரண்டு சுழி சேர்த்தேன். 1,200 கிலோ. நல்ல எருமை இரண்டைச் சேர்த்துக் கட்டினால் வருகிற எடை. "குழந்தையின் எடை சரியா?" என்று ஆப் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 18,000 மி.கி., 562.5 மி.லி. என்று அச்சடித்த மாதிரி விடை தந்தது. அரை லிட்டருக்கு மேல் சிரப்! அவள் சிரித்தாள், பிறகு, "நைட்ல மூணு மணிக்கு நான் இதைத்தானே நம்பறேன்?" என்றாள்.

இது இந்த ஓர் ஆப்பின் குறை மட்டும் இல்லை. 2015-இல் இன்சுலின் அளவைக் கணக்கிட்டுச் சொல்லும் 46 ஆப்களை லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளிடும் எண் பொருந்துகிறதா என்று சோதிக்காதவை 91 சதவீதம். எந்தச் சூத்திரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது என்று வெளிப்படையாகச் சொன்னவை 30 சதவீதம். தவறான அளவைப் பரிந்துரைக்கும் ஆபத்து இருந்தவை 67 சதவீதம். எந்தக் குறையும் இல்லாமல் தேறியது ஒன்றே ஒன்று.

பெரிய நிறுவனத்தின் ஆப் என்றால் நம்பலாமா? 2011-இல் ஃபைசர், மூட்டுவாதத்தின் தீவிரத்தைக் கணக்கிடும் தன் ஆப் தப்பு மதிப்பெண் தருகிறது, அழித்துவிடுங்கள் என்று பிரிட்டனில் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால், பிழை வந்ததைவிட, கடிதம் எழுத அங்கே ஒருவர் இருந்தார் என்பதுதான் முக்கியம். பல ஆப்களில் "எங்களைப் பற்றி" என்பதைத் தட்டினால் ஒரு ஜிமெயில் முகவரி மட்டும் இருக்கும். எழுதிய டாக்டர் யார், பார்த்துத் திருத்தியவர் யார், ஒன்றும் இருக்காது. அவளுடைய 14-இல் இப்படி ஐந்து.

நட்சத்திரக் கதைக்கு வருகிறேன். 2014 ஜூனில் ஆப்பிள் கடைக்கு ஒரு ரத்த அழுத்த ஆப் வந்தது. போனின் மேல் விளிம்பை இடது மார்பில் வைத்து, கேமரா மேல் விரலை அழுத்தினால் பிரஷர் சொல்லிவிடும். பட்டை வேண்டாம், பம்ப் வேண்டாம். விலை சுமார் 5 டாலர். கடையில் இருந்த 421 நாளில் 156 நாள், அதிகம் விற்கும் 50 ஐபோன் ஆப்களில் ஒன்றாக இருந்தது. விற்பனை ஒன்றரை லட்சம் பிரதிகளை நெருங்கியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 85 பேரை உட்கார வைத்து முறையான கருவியோடு ஒப்பிட்டார்கள். உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு "உனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லியிருந்தது அந்த ஆப். 2016-இல் முடிவு வெளியானது. அதே குழு பிறகு இன்னொன்றையும் ஆராய்ந்தது: இத்தனை தப்பான ஆப்பை ஜனங்களுக்கு ஏன் பிடித்தது? குறைவான எண்ணைக் காட்டினால் மனத்துக்கு நிம்மதி. நிம்மதி தந்த ஆப்பைப் பிடித்துப்போகிறது. நட்சத்திரம் விழுகிற இடம் அது.

மாணவர்களுக்கான ஆப்பிலும் இதே மனசுதான் வேலை செய்யும் என்று நினைக்கிறேன். கேள்வி சுலபமாக இருந்து 80 சதவீதம் வாங்கினால் நல்ல ஆப். கடுமையாக இருந்து 40 வாங்கினால் "ஒர்ஸ்ட் ஆப்".

இதையெல்லாம் யாரும் கண்காணிக்க மாட்டார்களா என்று கேட்கலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2013 செப்டம்பரில் மருத்துவ ஆப்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. நோயைக் கண்டறியும், கருவியாக வேலை செய்யும் ஆப்களை அது பார்க்கும். மின்பாடநூல், மாணவர்களுக்கான ஃபிளாஷ் கார்டு, வினாடி வினா இவையெல்லாம் மருத்துவக் கருவியே இல்லை என்று அதே ஆவணம் ஒதுக்கிவிட்டது. நியாயம்தான், புத்தகத்துக்கு யார் லைசென்ஸ் கொடுப்பது? ஆனால் புத்தகத்தை லைப்ரரியன் பார்ப்பார், பேராசிரியர் பார்ப்பார். ஆப்பை சீனியர் பார்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். அதிலும் பணம் கட்ட வேண்டிய ஆப்பை உடைத்து ஏ.பி.கே. கோப்பாக டெலிகிராமில் சுற்றவிடுகிறார்கள். திருட்டு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கோப்புக்கு அப்டேட் வராது. சிகிச்சை முறை மாறினாலும் அது மாறாது.

மாறுமா என்றால், மாறும். நெஞ்சழுத்தி உயிர் மீட்கும் சி.பி.ஆரில் முதலில் மூச்சுக்குழாய், பிறகு மூச்சு, பிறகு நெஞ்சை அழுத்துவது என்று ஏ-பி-சி வரிசையில் சொல்லிக் கொடுத்தார்கள். 2010-இல் அமெரிக்க இதய சங்கம் அதை சி-ஏ-பி என்று புரட்டிப் போட்டது. முதலில் நெஞ்சு. முதலுதவி ஆப் எதையாவது சந்தேகப்பட்டால் இந்த வரிசையைப் பாருங்கள். அது எந்தக் காலத்தில் நின்றுபோனது என்று தெரிந்துவிடும்.

எல்லாப் பழசும் மோசமா என்றால், அதுவும் இல்லை. உடற்கூறு ஆப்பைத் திறந்து பார்த்தோம். இதயத்துக்கு மேலே உள்ள ஒரு பெரிய ரத்தக்குழாய்க்கு 'இன்னாமினேட்' என்று பெயர் போட்டிருந்தது. இப்போது பாடத்தில் அதை 'பிரேக்கியோசெஃபாலிக்' என்பார்களாம். ஹென்றி கிரேயின் புகழ்பெற்ற உடற்கூறு நூலின் 1918 அமெரிக்கப் பதிப்புக்கு இப்போது காப்புரிமை இல்லை. யாரும் எடுத்து ஆப் ஆக்கலாம். இதுவும் அப்படி வந்ததாக இருக்கலாம். ரத்தக்குழாய் நூறு வருடத்தில் இடம் மாறிவிடவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது. வைவாவில் பழைய பெயரைச் சொல்லி மாட்டிக்கொள்ளாத வரை அந்த ஆப்பால் தொந்தரவில்லை. அந்த நூல் முதலில் வந்தது 1858-இல். அதற்குப் படம் வரைந்த ஹென்றி வாண்டைக் கார்ட்டர் பிறகு பம்பாய்க்கு வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்தார். காலில் புண் வைத்துக் கட்டி கட்டியாக வீங்கும் ஒரு நோய்க்குப் பூஞ்சைதான் காரணம் என்று எழுதியவர் அவர். மருத்துவப் புத்தகங்களில் அந்த நோயின் பெயர் 'மதுரா ஃபுட்', நம் மதுரையின் பெயர்.

நம் ஊர்ச் சமாச்சாரம் ஒன்றையே சோதனையாக வைத்துக்கொண்டோம். மூன்று மருந்து ஆப்களிலும் பாம்புக்கடியைத் தேடினோம். ஓர் ஆப் பாம்புக்கடி என்றதும் அமெரிக்காவின் ராட்டில் பாம்புக்கான மருந்தை எடுத்துக் கொடுத்தது. நம் வார்டுக்கு வருகிறவர்களைக் கடிப்பது நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். அதற்கான மருந்து வேறு. "தேனி பக்கத்து ஆஸ்பத்திரியில போய் ராட்டில் பாம்பு மருந்து கேட்டா, சிஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்ப்பாங்க மாமா" என்றாள்.

ஃபிளாஷ் கார்டு ஆப்களில் அன்கிதான் உலகம் முழுக்க மருத்துவ மாணவர்களின் செல்லப்பிள்ளை. 2006-இல் டேமியன் எல்மஸ் என்பவர் ஜப்பானிய மொழி படிப்பதற்காக எழுதியது; பெயருக்கே ஜப்பானியத்தில் மனப்பாடம் என்று அர்த்தம். மறக்கப் போகிற நேரத்தில் கார்டை மறுபடி கண்முன் காட்டும் அதன் கணக்கு அருமையானது. ஆனால் அன்கி வெறும் டப்பா. உள்ளே போடுகிற கார்டு யாரோ எழுதியது. டப்பாவுக்கு மார்க் போட்டுவிட்டு சாம்பாரைச் சாப்பிட்டுப் பார்க்காமல் விடக் கூடாது. தப்பான கார்டை அன்கி மறக்கவே விடாது என்பது வேறு.

முறையாக மதிப்பிட அளவுகோல் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2015-இல் உருவான மார்ஸ் என்பதில் 23 கேள்விகள். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு நல்லது. நைட் டியூட்டி முடித்தவளுக்கு ஆகாது. யாராவது சலித்துக் கொடுத்த பட்டியல் போதுமே என்றால், பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். அதைத்தான் 2013-இல் செய்தது. பரிசோதித்த ஆப்கள் என்று ஒரு நூலகமே திறந்தது. அதில் இருந்த 79 ஆப்களை ஆய்வாளர்கள் பார்த்தபோது, போனில் சேமித்த சொந்த விவரங்களை ஒன்றுகூடப் பூட்டி வைத்திருக்கவில்லை. 2015-இல் அந்த நூலகத்தை மூடிவிட்டார்கள்.

இட்லி ஆறிப்போயிருந்தது. 14-இல் ஒன்பதை அழித்திருந்தாள். மருந்தளவுக் கணக்கியை அழிக்கச் சொன்னேன், மறுத்துவிட்டாள். "180 மில்லிகிராம் வரைக்கும் கரெக்டா சொல்லுதுல்ல. அதுக்குக் கீழ உள்ள வரியைத்தான் பார்க்க மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை இரவு ஏதோ கேட்க போன் செய்தேன். "ஒரு நிமிஷம் மாமா" என்று போனைக் கட் செய்யாமல் கீழே வைத்துவிட்டாள் போல. குழந்தை ஒன்று வீறிட்டு அழும் சத்தம். அதற்கு மேலே அவள் குரல்: "சிஸ்டர், அந்த பாட்டிலைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க. அஞ்சு எம்.எல்.லுக்கு எவ்வளவு போட்டிருக்கு?"