மே மாதம் வரை பொறுத்திருக்கும் கொம்பு

செப்டம்பர் மாதம் ராக்கி மலைத்தொடரில் எல்க் மான்கள் இணைசேரும் காலம். முந்நூறு கிலோ எடையுள்ள இரண்டு ஆண் மான்கள் தலை குனிந்து மோதிக்கொள்ளும்போது அந்த அடி முழுவதையும் வாங்கிக்கொள்வது கொம்புகள்தான். எவ்வளவு முறுக்கினாலும் தள்ளினாலும் அவை அடியோடு பெயர்வது அபூர்வம். ஆறு மாதம் கழித்து, மார்ச்சிலோ ஏப்ரலிலோ, அதே மான் பனிக்கடியில் புல்லைத் தேடித் தலையைத் தாழ்த்துகிறது. கொம்பு தானாகக் கழன்று தரையில் விழுகிறது. யாரும் இழுக்கவில்லை, எதுவும் இடிக்கவில்லை.

விழுந்த கொம்பைக் கையில் எடுத்து அதன் அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்தால் விஷயம் புரியும். விளிம்பைச் சுற்றிச் சொரசொரப்பான ஒரு வளையம். அதன் நடுவில் லேசாகப் புடைத்த, மணல்மணலான ஒரு வட்டம். உடைந்த எலும்புக்கு இருக்கும் கூர்மையான பிசிறு அங்கே இல்லை. மானின் உடலே அந்த இடத்தை உள்ளிருந்து கரைத்திருக்கிறது. இணைசேரும் காலம் முடிந்ததும் ஆணின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் குறைகிறது. அது குறைந்ததும் எலும்பை அரிக்கும் செல்கள் கொம்புக்கும் மண்டையோட்டுக்கும் இடையிலுள்ள ஒரு மெல்லிய தளத்தில் வேலையைத் தொடங்குகின்றன. அந்தத் தளம் மட்டும் நொய்ந்துபோகிறது. கடைசியில் பழுத்த பழம் காம்பைவிட்டு உதிர்வதைப் போலக் கொம்பு தன் எடையாலேயே பிரிகிறது. தலையில் சிறிது ரத்தம் கசியும், பொருக்குத் தட்டும், சில வாரங்களில் தோல் மூடிக்கொள்ளும். அந்தத் தோலுக்கு அடியிலேயே அடுத்த கொம்பு முளைவிடத் தொடங்கிவிடும்.

மானின் கொம்பு முழுக்க முழுக்க எலும்பு. நம் வெளிமானின் முறுக்குக் கொம்பு வேறு வகை. அதன் உள்ளே எலும்பும் வெளியே நகத்தில் உள்ள கெராட்டினால் ஆன உறையும் உண்டு. அது வாழ்நாள் முழுக்க வளரும், விழாது. புள்ளிமான், கடமான், எல்க் போன்றவற்றின் கொம்போ ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக விழுந்து முழுதாக வளர்வது. வளரும் காலத்தில் அதன்மேல் மென்மையான ரோமத்துடன் ஒரு தோல் போர்த்தியிருக்கும். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், ஏனென்றால் அதற்குள் ரத்தம் ஓடுகிறது, நரம்பும் இருக்கிறது. முற்றிய கொம்பின் மேல் நீளவாக்கில் தெரியும் பள்ளங்கள் அந்த ரத்தக்குழாய்கள் போன தடங்கள்தான். கோடையின் உச்சத்தில் எல்க் கொம்பு ஒரே நாளில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வளரும். பாலூட்டிகளில் இவ்வளவு வேகமாக வளரும் எலும்பு வேறில்லை. பெரிய ஆணின் இரண்டு கொம்புகளும் சேர்ந்து பதினைந்து கிலோவைத் தாண்டும். அத்தனை கால்சியத்தையும் தின்ற புல்லிலிருந்து மட்டும் எடுக்க முடியாததால், மான் தன் விலா எலும்புகளிலிருந்தே கடன் வாங்குகிறது. அந்தச் சில மாதங்களில் அதன் எலும்புகள் மெலிந்துபோய், பிறகு மீண்டும் தேறுகின்றன.

இப்படி உதிர்ந்தவற்றை மனிதர் பொறுக்குவது மிகப் பழைய வழக்கம். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்ற இடத்தில் நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு சிக்கிமுக்கிக் கல் சுரங்கம் தோண்டியவர்களுக்குப் பிக்காசு சிவப்புமானின் கொம்புதான். அங்கே கிடைத்த பிக்காசுகளில் பெரும்பாலானவை வேட்டையாடிய மானிடமிருந்து வெட்டியவை அல்ல, உதிர்ந்தவை. அதைக் காட்டிக்கொடுப்பதும் அந்த மணல்மணலான அடிவட்டம்தான்.

இன்று இந்த வழக்கம் பெரும் ஆர்வமாகவும் வியாபாரமாகவும் வளர்ந்திருக்கும் இடம் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள். வயோமிங் மாநிலத்து ஜாக்சன் நகரச் சதுக்கத்தின் நான்கு மூலைகளிலும் எல்க் கொம்புகளாலேயே கட்டிய வளைவுகள் நிற்கின்றன. முதல் வளைவு 1953இல் எழுந்தது. ஊருக்கு வடக்கே, 1912இல் உருவான தேசிய எல்க் சரணாலயம் இருக்கிறது. மலையில் பனி ஏறியதும் ஆயிரக்கணக்கான எல்க்குகள் இறங்கிவந்து குளிர்காலத்தை அங்கேதான் கழிக்கின்றன. ஆகவே கொம்புகளும் அங்கேதான் விழுகின்றன. சரணாலயத்துக்குள் பொதுமக்கள் யாரும் கொம்பைத் தொடக் கூடாது. மான்கள் மலையேறத் தொடங்கிய பிறகு, உள்ளூர்ச் சாரணச் சிறுவர்கள் அதிகாரிகளின் மேற்பார்வையில் வரிசையாக நடந்து பொறுக்குகிறார்கள். 1960களின் இறுதியிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் அவை சதுக்கத்தில் ஏலம் போகின்றன. வருமானத்தின் பெரும்பங்கு அதே மான்கள் மேயும் புல்வெளியைப் பராமரிக்கத் திரும்பிப் போகிறது. மானைத் தொந்தரவு செய்யாமல் கொம்பு சேகரிப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு ஒன்று எனக்குத் தெரியாது.

சரணாலயத்துக்கு வெளியே, பொது வனநிலத்தில்தான் சிக்கல். புதிதாக உதிர்ந்த பழுப்பு நிற எல்க் கொம்பு பவுண்டுக்குப் பத்து டாலருக்கும் மேல் போகிறது. கத்திக் கைப்பிடி, சரவிளக்கு, நாய் கடித்து விளையாடும் துண்டு, கிழக்காசிய மருந்து என்று வாங்க ஆள் உண்டு. முந்திப் போனவருக்குக் கொம்பு என்பதால், சிலர் கொம்பு விழுவதற்கு முன்பே மானைப் பின்தொடர்கிறார்கள். ஒரு பக்கக் கொம்பு மட்டும் மிச்சமிருக்கும் ஆணைக் கண்டால், மற்றதும் விழும் என்று பனிவண்டியிலும் ட்ரோனிலும் துரத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

இது ஏன் கொடுமை என்பதற்கு மானின் குளிர்காலக் கணக்கைப் பார்க்க வேண்டும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அது தின்பது பெரும்பாலும் காய்ந்த புல், குச்சி, புதர்ச் செடி. அதில் கிடைக்கும் சக்தி போதாது. கோடையில் சேர்த்த கொழுப்பில்தான் உயிர் ஓடுகிறது. எல்க்கோடு அதே மலைகளில் வாழும் மியூல் மான் ஒரு குளிர்காலத்தில் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழப்பது சாதாரணம். கொழுப்பு மிகக் குறைவாக இருப்பது மார்ச், ஏப்ரல் மாதங்களில். அதே மாதங்களில்தான் பெண் மானின் வயிற்றில் கரு வேகமாக வளர்கிறது. ஆள் நடமாட்டத்தைக் கண்டு கூட்டம் எழுந்து ஆழமான பனியில் ஓடினால், ஒரு முறை ஓடியதற்கான சக்தியை ஈடுகட்டப் பல மணிநேரம் மேய வேண்டும், மேயவோ எதுவும் இல்லை. ஓடிய மான் அன்று விழுந்து சாவதில்லை. மூன்று வாரம் கழித்து யாரும் பார்க்காத ஒரு சரிவில் சாகிறது. அதனால்தான் கொம்பு எடுத்துப் போனவர் தன்னால் ஒரு தீங்கும் நேரவில்லை என்று மனசாரவே நம்பிவிடுகிறார். இந்த விஷயத்தில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

மாநிலங்கள் தடை போட்டது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான். வயோமிங்கில், கண்டத்தின் நீர்ப்பிரிமேட்டுக்கு மேற்கே உள்ள பொதுநிலத்தில் ஜனவரி 1 முதல் ஏப்ரல் இறுதி வரை கொம்பு பொறுக்கத் தடை. மே 1 காலையில்தான் காடு திறக்கும். முந்தைய இரவே ஜாக்சனில் வண்டிகள் மைல் கணக்கில் வரிசை கட்டி நிற்கும். 2024இலிருந்து வெளிமாநிலத்தார் மேலும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். கொலராடோவிலும் மேற்குப் பகுதிப் பொதுநிலங்களில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை தடை உண்டு. யூட்டா மாநிலம், மானைக் கலைக்காமல் கொம்பு தேடுவது எப்படி என்று இணையவழிப் பாடமே நடத்துகிறது. அதை முடிக்காமல் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பொறுக்கப் போகக் கூடாது. 2023 குளிர்காலத்தில் பனி வழக்கத்தைவிட மிக ஆழமாக விழுந்து மான்கள் நலிந்தபோது, அந்த மாநிலம் முழுவதும் ஏப்ரல் இறுதி வரை கொம்பு சேகரிப்பையே நிறுத்திவைத்தது. சரியான முடிவு. கொம்பு எலும்பு என்பதால் ஒன்றிரண்டு மாதம் பனியிலும் வெயிலிலும் கிடப்பதால் கெட்டுப்போவதில்லை. நிறம் கொஞ்சம் வெளுக்கலாம், அவ்வளவே.

தடை முடிந்த பிறகும் போகும் முறை என்று ஒன்று இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் முதலில் நடப்பதில்லை, பார்க்கிறார்கள். சாலையோரத்தில் நின்று தொலைநோக்கியால் சரிவுகளை ஒன்றொன்றாக அலசுவார்கள். தெற்கு நோக்கிய சரிவில் வெயில் படுவதால் பனி முதலில் உருகும், மான்கள் படுத்திருப்பதும் அங்கேதான். வேலியைத் தாண்டும் இடம், ஓடையைத் தாவும் இடம், மரத்தடிப் படுக்கைக் குழி, இவற்றில் கொம்பு கிடைக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் குதிக்கும்போதோ எழும்போதோ ஏற்படும் அதிர்ச்சியில் ஏற்கெனவே நொய்ந்த பிடி விட்டுவிடும். கூட்டம் ஒன்று கண்ணில் பட்டால் அந்தப் பள்ளத்தாக்கை அன்றைக்கு விட்டுவிட வேண்டும். மான் மேய்வதை நிறுத்தி, காதை நிமிர்த்தி உங்களையே பார்க்கத் தொடங்கிவிட்டால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். கொம்பை மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாய்கள் உண்டு. சொல் கேட்காத நாயை அழைத்துப்போவதும், மான் இருக்கும் இடத்தில் நாயை அவிழ்த்துவிடுவதும் தவறு.

பொறி வைப்பது இன்னொரு கொடுமை. தானியத்தைக் கொட்டி, அதைச் சுற்றிக் கம்பிவலையையோ ரப்பர் கயிற்றையோ கட்டிவைத்து, தின்ன வரும் மானின் கொம்பு சிக்கிக் கழன்று விழட்டும் என்று காத்திருப்பார்கள். உதிரும் பருவத்தில் உள்ள கொம்பு சிக்கினால் அவர்கள் நினைத்தது நடக்கலாம். பருவம் வராத கொம்பு சிக்கினால் அடியோடு மண்டை எலும்பும் பெயர்ந்து, காயம் சீழ்பிடித்து மூளைவரை போகும். சிக்கிய வலையைத் தலையில் சுமந்தபடியே பட்டினி கிடந்து சாகும் மான்களும் உண்டு. இதில் நோய் ஆபத்தும் சேர்கிறது. 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதன்முதலில் கண்ட, மான்களை மெலியவைத்துக் கொல்லும் பிரியான் (திரிந்த புரதம்) நோய் எச்சிலிலும் சாணத்திலும் மண்ணிலும் பரவுகிறது. ஒரே இடத்தில் தானியம் கொட்டி மான்களை மூக்கோடு மூக்கு உரசவைப்பது அந்த நோய்க்கு வழி திறந்துவிடுவதாகும். பொறியை நல்லபடியாக வைக்கும் முறை என்று எதுவும் இல்லை.

கொம்பு மண்டையோட்டோடு சேர்ந்து கிடந்தால் அது உதிர்ந்தது அல்ல. மான் செத்திருக்கிறது, ஒருவேளை திருட்டு வேட்டையாகவும் இருக்கலாம். அதைத் தொடாமல் இடத்தைக் குறித்துக்கொண்டு வனவிலங்கு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். காகங்கள் கூட்டமாகச் சுற்றும் இடத்திலிருந்தும் பின்வாங்குவது நல்லது. குளிர்கால உறக்கம் கலைந்த கிரிஸ்லி கரடி செத்த எல்க்கின் பக்கத்தில் படுத்திருக்கலாம். கிரிஸ்லி உலவும் பகுதிகளில் கரடி விரட்டும் மிளகாய்த் தெளிப்பான் இடுப்பில் இல்லாமல் போகக் கூடாது. காலையில் முழங்கால் அளவு இருந்த ஓடை, மாலையில் பனி உருகி இடுப்பளவு ஓடும், திரும்பும் வழியை அதற்கேற்பத் தீர்மானிக்க வேண்டும். முதுகுப்பையில் கட்டும்போது கொம்பு முனைகள் கழுத்துக்கும் தலைக்கும் எதிராக நிற்காதபடி கட்டுவதும் முக்கியம். வழுக்கி விழும்போது குத்துவது சொந்தச் சுமைதான்.

கிடைத்ததையெல்லாம் எடுத்துவர வேண்டுமா என்ற கேள்வியும் உண்டு. காட்டில் கிடக்கும் கொம்பு வீண் இல்லை. அணிலும் எலியும் முள்ளம்பன்றியும் கால்சியத்துக்காகவும் பாஸ்பரசுக்காகவும் அதைக் கொறிக்கின்றன, மான்களே உதிர்ந்த கொம்பை மெல்வதுண்டு. இன்னும் வியப்பானது ஆர்க்டிக்கில் நடக்கிறது. கரிபூ மான்களில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. சினைப் பெண் குளிர்காலம் முழுவதும் அதை வைத்திருந்து, குட்டி போடும் நாட்களையொட்டி உதிர்க்கிறது. ஆகவே கொம்பு கிடக்கும் இடமே குட்டி போட்ட இடம். அலாஸ்காவின் ஆர்க்டிக் தேசியக் காட்டுயிர்ச் சரணாலயத்தில் ஆய்வாளர் ஜோஷுவா மில்லரும் அவர் குழுவினரும் தரையில் கிடந்த கொம்புகளைக் கணக்கெடுத்துக் கார்பன் முறையில் வயது பார்த்தபோது, சில மூவாயிரம் ஆண்டுகள் பழையவை என்று தெரியவந்தது. அந்தக் கடுங்குளிரில் எலும்பு எளிதில் மக்குவதில்லை. மனிதர் எழுதிவைக்காத ஒரு வரலாறு, எந்தச் சமவெளியைத் தாய்மான்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்துகொண்டன என்பது, நிலத்தின் மேலேயே கிடக்கிறது. அங்கே ஒரு கொம்பைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோவது ஏட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழிப்பதாகும்.

நம் ஊரில் சட்டமே வேறு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கொம்பையும் காட்டு விலங்கின் உறுப்புகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அனுமதியில்லாமல் உதிர்ந்த கொம்பை எடுப்பதும், வைத்திருப்பதும், விற்பதும் குற்றம். ஒரு காலத்தில் இந்தியாவின் கடமான் கொம்பு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரக் கத்திப் பட்டறைகளுக்குக் கைப்பிடியாகக் கப்பலேறியது. 1990களின் இறுதியில் அந்த ஏற்றுமதி நின்றது. முழுக் கொம்பின் அடியைப் பார்த்து உதிர்ந்ததா வெட்டியதா என்று சொல்லிவிடலாம். துண்டாக அறுத்து மெருகேற்றிய பிறகு எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. உதிர்ந்த கொம்பு என்ற பெயரில் கொன்ற மானின் கொம்பும் சந்தைக்கு வந்துவிடும். மான்கள் இவ்வளவு நெருக்கமாக மனிதரோடு வாழும் நாட்டில் இந்தத் தடை தேவை என்றே நினைக்கிறேன்.

புள்ளிமான்கள் எல்லாம் ஒரே மாதத்தில் கொம்பு உதிர்ப்பதில்லை. ஆகவே முதுமலையிலோ, கிண்டியிலோ, சென்னை ஐஐடி வளாகத்து மரநிழலிலோ எந்த மாதத்திலும் ஒன்று உங்கள் காலடியில் கிடக்கலாம். குனிந்து அதன் அடிவட்டத்தைக் கண்ணால் பாருங்கள், குழந்தைகளுக்குக் காட்டுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்காமல் அங்கேயே விட்டுவிட்டு, வனத்துறை ஊழியரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.