அப்பாருகிட்ட கேட்டீங்களா?

"மாப்ளே... எங்க அப்பாரைப் பேச வைக்கோணும். எவ்வளவு நேரம் ஆகும்?"

ராத்திரி பத்து மணிக்கு ஹாஸ்டல் ரூம் கதவைத் தட்டி நண்பன் இப்படிக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம், அவனுடைய அப்பாரு (கொங்கு நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு: அப்பாவின் அப்பா!) காலமாகி எட்டு மாசம் ஆகியிருந்தது. கருமாதிச் சாப்பாட்டில் நானே ரெண்டு தரம் ரசம் வாங்கி ஊற்றிக்கொண்டவன்.

விஷயம் இதுதான். நண்பனின் அக்காவுக்குக் கல்யாணம். மண்டபத்தில் சுவர் முழுக்க எல்.ஈ.டி. திரை. தாலி கட்டி முடிந்ததும் அதில் அப்பாருவின் போட்டோ வர வேண்டும். அவர் குரலிலேயே மணமக்களை ஆசீர்வாதம் பண்ண வேண்டும். மனுஷன் உயிரோடு இருந்தபோது அனுப்பிய 42 வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்கள் நண்பனின் செல்லில் பத்திரமாக இருந்தன.

"நீ கம்ப்யூட்டர் சயின்ஸ்தானே படிக்கறே?"

இந்தக் கேள்வியில் மாட்டாமல் தப்பித்த மாணவன் ஈரோடு மாவட்டத்திலேயே கிடையாது. பக்கத்து வீட்டு பிரிண்டர் ரிப்பேர், மாமா மறந்துபோன பாஸ்வேர்டு, சித்தியின் போனில் நிற்காமல் வரும் விளம்பரம்... எல்லாமே எங்கள் சிலபஸில் உண்டு. இறந்தவரைப் பேச வைப்பது மட்டும்தான் புதுசு!

உட்கார்ந்தோம். பிரமாதமான வேலை எல்லாம் இல்லை. குரல் சேம்பிளைக் கொடுத்தால், சாஃப்ட்வேர் அதன் கனம், இழுவை, மூச்சு விடும் இடம் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் நாம் எதை டைப் அடித்தாலும் அந்தக் குரலில் பேசும். 2023 ஜனவரியிலேயே மைக்ரோசாஃப்ட் கம்பெனி, மூன்றே விநாடி சேம்பிள் போதும் என்று ஒரு சாதனத்தைக் காட்டிவிட்டது. எங்களிடம் இருந்ததோ 42 மெசேஜ். கல்யாணப் பந்தியே போடலாம்!

முதல் முயற்சியில் அப்பாரு, "மணமக்கள் பல்லாண்டு வாழ மனமார வாழ்த்துகிறேன்" என்றார். குரல் அப்பாருதான். தமிழ் மட்டும் டி.வி. செய்தி வாசிப்பவருடையது! நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். அடித்துவிட்டு மறுபடி டைப் பண்ணினேன். "கண்ணு... ரெண்டு பேரும் நல்லா இருக்கோணும். எனக்கு ரொம்பச் சந்தோஷஞ் சாமி."

இந்தத் தடவை நண்பன் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கும் கை சிலிர்த்தது. என்ன இருந்தாலும் நாம் பெரிய ஆள்தான் என்று ஒரு கர்வம் வேறு.

அது மறுநாள் காலை வரைதான்.

மொடக்குறிச்சிப் பக்கம் அவர்கள் தோட்டத்து வீடு. அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். போனைப் பக்கத்தில் வைத்துப் போட்டுக் காட்டினோம். குரல் கேட்டதும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து முந்தானையைச் சரி செய்துகொண்டார். அவர் வந்துவிட்ட மாதிரி.

முழுசாகக் கேட்டு முடித்துவிட்டு, "இதை அவரு எப்பச் சொன்னாரு?" என்றார்.

"அவரு சொல்லலீங் அப்பத்தா. கம்ப்யூட்டர் சொல்லுது" என்றேன் பெருமையாக.

கீரையைக் கீழே வைத்தார்.

"அவரு இந்தச் சம்பந்தத்துக்கு ஒத்துக்கவே இல்லியே சாமி. அது விரும்புன பையன்னு சொன்ன நாள்லேருந்து கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை சரீன்னு சொல்லலே. போன மனுஷன் வாயில நீங்களா சந்தோஷம்னு போட்டுட்டீங்களே... அவருகிட்ட கேட்டீங்களா? செரி, அவருதான் இல்லே. என்கிட்டயாச்சும் கேட்டீங்களா?"

நாங்கள் ரெண்டு பேரும் கீரையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பத்து பாயின்ட்டும் ஒரு பாயின்ட்டும்

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வாரம் கல்லூரியில் எங்களுக்குக் கொடுத்திருந்த அசைன்மென்ட்டின் தலைப்பு: 'கம்ப்யூட்டர் அறநெறியும் செயற்கை நுண்ணறிவும்'. அறநெறி பற்றிய கட்டுரையை நானும் செயற்கை நுண்ணறிவிடம்தான் எழுதி வாங்கினேன். (சிரிக்காதீர்கள். வகுப்பில் பாதிப் பேருடைய முதல் வரியும் என் முதல் வரியும் ஒன்றுதான்!)

அது அழகாகப் பத்து பாயின்ட் எழுதிக் கொடுத்தது. 1992-ல் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் எதிக்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு கம்ப்யூட்டர்காரர்களுக்குப் 'பத்துக் கட்டளைகள்' போட்டது. கம்ப்யூட்டரால் அடுத்தவருக்குக் கெடுதல் செய்யாதே, பொய்ச் சாட்சி சொல்லாதே, அடுத்தவர் மூளையில் விளைந்ததை எடுத்து உன்னுடையதாக்காதே என்று போகும் பட்டியல். தமிழ்நாடு அரசுகூட 2020-லேயே பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. எல்லாவற்றையும் எழுதினேன். மார்க்கும் வாங்கினேன்.

ஆனால் குரலை எடுக்கும் முன் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பத்து பாயின்ட்டில் படியாததை அப்பத்தா ஒரே பாயின்ட்டில் முடித்துவிட்டார்.

கேட்டவரும் கேட்காதவரும்

அப்புறம்தான் யோசிக்க ஆரம்பித்தேன். இதே கேள்வி சினிமாவில் ஏற்கெனவே வந்துவிட்ட கேள்விதான்.

2024-ல் வந்த 'லால் சலாம்' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான், 'திமிரி எழுடா' பாட்டுக்கு ரெண்டு பேரின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் கொண்டுவந்தார். ஒருவர் 1997-ல் மறைந்த ஷாகுல் ஹமீது. இன்னொருவர் 2022-ல் மறைந்த பம்பா பாக்யா. சர்ச்சை கிளம்பியதும் ரஹ்மான், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய சன்மானமும் அனுப்பிவிட்டோம் என்று விளக்கம் கொடுத்தார்.

அதே சமயத்தில் இன்னொரு பக்கம். 2020-ல் நம்மை விட்டுப் போன எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரலை 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் கேட்காமலேயே செயற்கையாகச் செய்து போட்டுவிட்டார்கள் என்று அவர் மகன் எஸ்.பி.பி.சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்.

ரெண்டிலும் சாஃப்ட்வேர் வேலை ஒன்றுதான். ஒரு இடத்தில் கேட்டார்கள். இன்னொரு இடத்தில் கேட்கவில்லை என்பது புகார். சண்டையே அங்கேதான்.

அரசியலிலும் வந்தாச்சு. 2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் புத்தக விழாவில் கருணாநிதி திரையில் தோன்றிப் பேசினார். அவர் மறைந்தது 2018-ல். அடுத்த மாதமே, 2016-ல் மறைந்த ஜெயலலிதாவின் குரலில் அ.தி.மு.க. ஒரு பேச்சை வெளியிட்டது. ரெண்டு பக்கத் தொண்டர்களும் உருகினார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு வித்தியாசம் உறைக்கிறது. பின்னணிப் பாடகர் எப்போதுமே அடுத்தவர் எழுதிய வரியைத்தான் பாடுகிறார். அது அவர் கருத்து என்று நாம் நினைப்பதில்லை. ஆனால் ஒரு தலைவரின் பேச்சு அவருடைய கருத்து. ஒரு தாத்தாவின் ஆசீர்வாதம் அவருடைய சம்மதம். அதைக் குடும்பமே அனுமதித்தாலும், சொல்லாததைச் சொன்ன மாதிரி ஆக்க முடியுமா? குரலுக்கு வாரிசு இருக்கலாம். சம்மதத்துக்கு வாரிசு உண்டா?

எங்க ஈரோட்டில் 1887-ல் பிறந்த கணித மேதை ராமானுஜன் பேரை இஸ்ரேல்காரர்கள் ஒரு கம்ப்யூட்டர் முறைக்கு வைத்திருக்கிறார்கள். 'ராமானுஜன் மெஷின்'. கணித சூத்திரங்களை யூகித்துச் சொல்லும். 2021-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. யாரையும் கேட்டிருக்க மாட்டார்கள். இருந்தாலும் எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் அது மரியாதை. இந்தச் சூத்திரத்தை ராமானுஜனே எழுதினார் என்று அவர்கள் சொல்லவில்லையே!

மஞ்சள் சொன்ன பாடம்

அப்பாரு மஞ்சள் விவசாயி. எங்க ஊர் மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். அந்த வியாபாரத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போனால் விரலி, கிழங்கு என்று சேம்பிளை வைத்திருப்பார்கள். வியாபாரிகள் ஒடித்துப் பார்த்து, விலையை எழுதிப் போடுவார்கள். அதிக விலை எதுவோ அதை விவசாயியிடம் சொல்வார்கள். அவருக்குக் கட்டுபடியாகாவிட்டால், 'குடுக்கலீங்க' என்று சொல்லிவிடலாம். சேம்பிளைத் தொட்டதாலேயே மூட்டை வியாபாரிக்குச் சொந்தம் ஆகிவிடாது.

மஞ்சளுக்கு இருக்கும் இந்த மரியாதை மனுஷன் குரலுக்கு வேண்டாமா?

இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த 42 மெசேஜ்களையும் நான் ஏற்றிய சாஃப்ட்வேர் எந்த நாட்டுக் கம்பெனியுடையது என்று எனக்குத் தெரியாது. நீளமான நிபந்தனைகள் வந்தன. படிக்காமல் 'சம்மதம்' பட்டனை அழுத்தினேன். அப்பாரு சார்பில் சம்மதம் சொன்ன முதல் ஆள் நான்தான்!

நாடு முழுக்க இப்படிச் சம்மதம் சொல்பவர்களுக்காகத்தான் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக அமலாகிறது. அதில் ஆபீஸ் போகும் அண்ணன்மார்கள் கவனிக்க வேண்டிய ஒரு சமாச்சாரம்: நமக்குப் பிறகு நம் விவரங்கள் பற்றிய உரிமையைக் கேட்க ஒருவரை நியமித்து வைக்கலாம். எல்.ஐ.சி. பாலிசிக்கு நாமினி போடுகிற மாதிரி!

அதுவரைக்கும் ஒரு கைவைத்தியம். மகன் குரலில், தம்பி குரலில், "ஆக்ஸிடென்ட் ஆயிடுச்சு, உடனே பணம் அனுப்பு" என்று போன் வந்தால் பதறாதீர்கள். வைத்துவிட்டு, உங்களிடம் உள்ள நம்பருக்கு நீங்களே திருப்பிக் கூப்பிடுங்கள். வீட்டுக்குள் ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். (எங்கள் வீட்டு வார்த்தை ஒரு பலகாரத்தின் பேர். அதற்கு மேல் கேட்காதீர்கள்!) பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள்.

கல்யாணத்தன்று...

நான் செய்த ஆசீர்வாதத்தை அழித்துவிட்டேன். நண்பனின் அக்காவிடம் அப்பத்தாவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அக்கா கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "அப்பாரு அனுப்புனதுல நிஜமா எனக்குன்னு ஏதாச்சும் இருக்குதா பாருடா" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. கோயமுத்தூரில் அக்கா வேலைக்குச் சேர்ந்த புதுசில் அனுப்பியது. மொத்தம் ஆறு விநாடி. மண்டபத்தில் அதைத்தான் போட்டோம்.

"கண்ணு, ஊட்டுக்குப் போய்ச் சேந்துட்டியா? சேந்தா ஒரு போன் போடு."

அவ்வளவுதான். வாழ்த்தும் இல்லை, சம்மதமும் இல்லை. மண்டபமே கப்சிப்!

அப்பத்தா மெதுவாக மேடை ஏறினார். மைக் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, ரெண்டு பேர் தலையிலும் கை வைத்தார்.

"அவரு ஒத்துக்கலே. நானு ஒத்துக்கறேன். நல்லா இருங்க."