பாட்டைக் குறை, பாடத்தைக் கூட்டு!

ஜூமில் ஆன்லைன் வகுப்பு. ஆசிரியரின் குரல் சன்னமாக வருகிறது. ஹெட்போன் மாட்டியிருக்கும் மாணவி வால்யூமை முழுக்க ஏற்றுகிறாள். பாடம் காதில் விழ ஆரம்பித்த நேரம், வாட்ஸ்அப் செய்தி ஒன்று ‘டிங்’ என்று காதைப் பிளக்கிறது. பதறிப்போய் வால்யூமைக் குறைத்தால் ஆசிரியரின் குரலும் போய்விடுகிறது. ஏற்றுவதும் இறக்குவதுமாகவே அந்த வகுப்பு முடிந்துவிடும்.

கம்ப்யூட்டருக்கு இருப்பது ஒரே வால்யூம்தான் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி வால்யூம் உண்டு. பொதுமக்களுக்கு 2007-ல் விற்பனைக்கு வந்த விஸ்டா என்ற பதிப்பிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. அதற்கு முந்தைய எக்ஸ்பியிலும் பல பட்டைகள் கொண்ட ஒரு ஜன்னல் இருந்தது. ஆனால் அவை வேவ், சிடி பிளேயர், லைன் இன் என்று ஒலி வரும் வழிகளுக்கானவை. பாட்டு, வீடியோ, எச்சரிக்கை மணி எல்லாம் ‘வேவ்’ வழியாகவே வந்ததால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாது. விஸ்டாவில் மைக்ரோசாஃப்ட் ஒலி அமைப்பை அடியோடு மாற்றியது. கச்சேரியில் பாடகர், வயலின், மிருதங்கம் என ஒவ்வொரு மைக்குக்கும் தனி அளவு வைத்து, பிறகு ஒன்றாகக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மைக் செட்காரரின் வேலையை விண்டோஸ் செய்ய ஆரம்பித்தது.

லினக்ஸுக்கும் பல்ஸ்ஆடியோ என்ற மென்பொருள் மூலம் இந்த வசதி வந்துவிட்டது. ஆப்பிளின் மேக்கில்தான் இப்படிச் செயலிகளின் வால்யூமைத் தனித்தனியாக மாற்ற சொந்தமாக ஒரு மிக்ஸர் இல்லை. காசு கொடுத்து வாங்கும் சவுண்ட்சோர்ஸ், இலவசமான பேக்கிரவுண்ட் மியூசிக் போன்ற வெளிச் செயலிகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. இசைக் கலைஞர்கள் விரும்பி வாங்கும் கம்ப்யூட்டரில் இது பெரிய குறை.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும், திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை ரைட் கிளிக் செய்து ‘ஓபன் வால்யூம் மிக்ஸர்’ என்பதை அழுத்துங்கள். 11-ன் புதிய பதிப்புகளில் விண்டோஸ் கீ, கண்ட்ரோல், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினாலே போதும். தேடும் செயலி பட்டியலில் இல்லையென்றால் அந்தச் செயலியில் எதையாவது ஓடவிடுங்கள். ஒலி எழுப்பும் செயலிதான் அங்கே தெரியும். பட்டை 100-க்கு மேல் ஏறாது. அதனால் கேட்க வேண்டியதை 100-ல் விட்டுவிட்டு, தொந்தரவு செய்வதைக் குறைப்பதே சரியான முறை. பிரௌசரில் எத்தனை டேப் திறந்திருந்தாலும் பொதுவாக எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பட்டைதான். குரோமில் ஒரு தளத்தை மட்டும் அடக்க, அதன் டேப்பை ரைட் கிளிக் செய்து ‘மியூட் சைட்’ கொடுக்கலாம்.

இங்கே வைக்கும் அளவை விண்டோஸ் நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு செயலியை எப்போதோ மியூட் செய்து மறந்திருந்தால், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் அது ஊமையாகவே இருக்கும். ஸ்பீக்கர் போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் மிக்ஸரைப் பாருங்கள். விண்டோஸ் 11-ல் எல்லா அளவுகளையும் பழையபடி ஆக்க அதே பக்கத்தில் ‘ரீசெட்’ இருக்கிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. அழைப்பில் பேச ஆரம்பித்ததும் ஓடிக்கொண்டிருந்த பாட்டு தானாகத் தேய்ந்துபோகும். அது பழுதல்ல. அழைப்பு என்று தெரிந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும்படி விண்டோஸில் முன்கூட்டியே அமைத்திருக்கிறார்கள். கண்ட்ரோல் பேனலில் சவுண்ட், அதில் கம்யூனிகேஷன்ஸ் என்ற பகுதிக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம்.

இதையெல்லாம் வெறும் சௌகரியம் என்று ஒதுக்க முடியாது. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்க 80 டெசிபல்தான் பாதுகாப்பான அளவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். ஒரு மெல்லிய குரலுக்காக மொத்த வால்யூமையும் ஏற்றிவைக்கும்போது, இடையில் வரும் ஒவ்வொரு மணியோசையும் விளம்பரமும் அதே உச்சத்தில் பிள்ளைகளின் காதில் இறங்குகிறது.

பார்வையற்றவர்களுக்கு இது இன்னும் அவசியம். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவச மென்பொருள் ஆஸ்திரேலியாவில் 2006-ல் தொடங்கப்பட்டது. ஈஸ்பீக் என்ற கம்ப்யூட்டர் குரலின் துணையோடு தமிழும் படிக்கும். அதை வைத்துக் கம்ப்யூட்டரை இயக்குபவருக்கு அந்தக் குரல்தான் திரை. வீடியோவின் சத்தம் அதை அமுக்கிவிட்டால், எந்தப் பட்டனில் நிற்கிறோம் என்பதே தெரியாது. மொத்த வால்யூமைக் குறைத்தால் வழிகாட்டும் குரலும் சேர்ந்தே தேய்ந்துவிடும். தனித்தனி வால்யூம் இருந்தால்தான் அவர்களால் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலையும் பார்க்க முடியும். இவ்வளவு முக்கியமான ஒன்றை ரைட் கிளிக்குக்குப் பின்னால் இத்தனை ஆண்டுகள் ஒளித்து வைத்தது சரியல்ல.

உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ பார்வையற்ற ஒருவருக்குக் கம்ப்யூட்டரைத் தயார்செய்து கொடுத்தால், மிக்ஸரைத் திறந்து என்விடிஏவை 100-லும் மற்றவற்றைப் பாதியிலும் வைத்துவிட்டு, அந்தக் குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.