ஜப்பான் பழைய காரும் நமது கல்லாப்பெட்டியும்



துவரம் பருப்பு, பாமாயில், மிளகாய் என்று சரக்கு நிலவரம் பேசும் ஏட்டில் ஸ்போர்ட்ஸ் காருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. கடையில் புரள வேண்டிய முதல், கடைக்கு வெளியே போய் நிற்கும் வழிகளில் இதுவும் ஒன்றாகிவிட்டது.

2025 ஆகஸ்டில், தீபாவளிக்குச் சரக்குப் பிடிக்கும் நேரத்தில், நம்மிடம் பல ஆண்டுகளாகக் கொள்முதல் செய்யும் மளிகைக்கடை நண்பர் ஒருவர் தட்டாஞ்சாவடியில் உள்ள நமது கடைக்கு வந்தார். "அண்ணே, இந்த முறை முப்பது நாள் கணக்கை அறுபது நாளாக்கிக் கொடுங்கள்" என்றார். பாக்கி 12 லட்சம். நாணயம் தவறாதவர், ஒருநாளும் தவணை கேட்டதில்லை. என்ன சங்கடம் என்று விசாரித்தோம். தயங்கித் தயங்கிச் சொன்னார். மகன் கார் வாங்குகிறானாம். ஜப்பான் கார். நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். விலை 38 லட்சம். 2 லட்சம் முன்பணம் கொடுத்தாகிவிட்டது.

மறுநாள் மகனையும் அழைத்து வரச் சொன்னோம். பையன் நல்லவன்தான். கடையில் கணினிக் கணக்கை அவன்தான் பார்க்கிறான். "பெரியப்பா, இது சாதாரண கார் இல்லை. சினிமாவில் பார்த்ததிலிருந்து இது ஒன்றுதான் ஆசை" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டோம். நாமும் அந்த வயதில் ஜப்பான் டேப் ரெக்கார்டருக்கு ஏங்கியவர்கள்தாம்.

"தம்பி, காருக்கு பில் ஆப் என்ட்ரி இருக்கிறதா?" என்று கேட்டோம். அவனுக்கு அது என்னவென்று தெரியவில்லை. தரகரிடம் கேட்டுச் சொல்வதாகப் போனான். அந்தக் கேள்விக்காக அன்று நாம் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஜப்பானில் பழைய கார் ஏன் மலிவு?

ஜப்பானில் புதுக் கார் வாங்கினால் மூன்றாம் ஆண்டில் அரசாங்கச் சோதனைக்கு விட வேண்டும். அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. இதற்கு 'ஷாகென்' என்று பெயர். ஒவ்வொரு முறையும் செலவு. அதனால் பலரும் நல்ல நிலையிலேயே வண்டியைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். அந்த வண்டிகள் ஏலக் கூடங்களுக்கு வருகின்றன.

நமது தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல்லைப் பார்த்து, ஈரம் பார்த்து ஏலம் கேட்பது போலத்தான் அங்கும். ஒவ்வொரு காருக்கும் ஏலச் சீட்டு உண்டு. 5, 4.5, 4, 3.5 என்று தரம் போட்டிருப்பார்கள். 'ஆர்' என்று இருந்தால் விபத்தில் அடிபட்டுச் சரிசெய்தது. வண்டியின் படத்தில் 'ஏ' என்றால் கீறல், 'யு' என்றால் ஒடுக்கு, 'டபிள்யூ' என்றால் தட்டிப் பூசிய இடம். ஒளிவு மறைவு இல்லாத முறை. இலங்கையில் ஓடும் கார்களில் பெரும்பகுதி இப்படி வந்த 'ரீகண்டிஷன்' வண்டிகள்தாம். அங்கே அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி, 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது.

அங்கே மலிவாகக் கிடைக்கிறது, ஸ்டீயரிங்கும் நம்மைப் போல வலப்பக்கம். நாமும் ஒன்று இறக்கினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதுதான் கேள்வி.

மூன்று வயது, ஒரே துறைமுகம்

2001 வரை பழைய கார் இறக்குமதிக்குப் பொது அனுமதியே இல்லை. உலக வர்த்தக ஒப்பந்தப்படி அந்த ஆண்டு ஏப்ரலில் கட்டுப்பாடு நீங்கியது. அதே ஆண்டு பட்ஜெட்டில் பழைய கார் மீதான அடிப்படைச் சுங்க வரி 35 சதவீதத்திலிருந்து 105 சதவீதமாக உயர்ந்தது. மற்ற வரிகளோடு சேர்த்து ஏறக்குறைய 180 சதவீதம். கதவைத் திறந்து வைத்து, வாசற்படியை உயர்த்திவிட்டார்கள். அத்துடன் நிபந்தனைகளும் உண்டு:

1. கார் உற்பத்தியான நாளிலிருந்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது.

2. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும். முகப்பு விளக்கு, இடப்புறம் செல்லும் நம் போக்குவரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

3. இன்னும் ஐந்து ஆண்டு சாலையில் ஓடத் தகுதி உள்ளது என்றும், அதுவரை இந்தியாவில் பழுது பார்க்கும் வசதி உண்டு என்றும் உறுதி வேண்டும்.

4. பழைய கார் மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வரலாம். பக்கத்திலிருக்கும் சென்னைத் துறைமுகம் இதற்குப் பயன்படாது.

5. வந்திறங்கிய பிறகு புனே ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அரசு ஏற்ற சோதனை நிலையத்தில் தேற வேண்டும்.

பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம். 'அங்கிருந்து வரும்போது காரையும் கொண்டு வரச் சொன்னால் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. பிரான்சுக் காரின் ஸ்டீயரிங் இடப்பக்கம். முதல் படியிலேயே கழிந்துவிடும். வெளிநாட்டில் குடியிருந்து நிரந்தரமாகத் திரும்புவோர்க்குப் பல வீட்டுச் சாமான்களுக்கு வரிச் சலுகை உண்டு, காருக்கு இல்லை.

இப்போது அந்தப் பையனின் காருக்கு வருவோம். அவன் ஆசைப்பட்ட ஆர்.34 ஸ்கைலைன் ஜி.டி.ஆர். 1999 முதல் 2002 வரை மட்டுமே தயாரானது. மஸ்தா ஆர்.எக்ஸ்.7-ம், பழைய டொயோட்டா சூப்ராவும் 2002-லேயே ஜப்பானில் நின்றுவிட்டன. மூன்று வயது விதிப்படி இவை எவையும் இன்று இந்தியாவுக்குள் பழைய காராக வர வழியில்லை. ஐம்பது வயது கடந்த பழம்பெரும் வண்டிகளுக்கு 2025-ல் வழி விட்டிருக்கிறார்கள். மூன்றுக்கும் ஐம்பதுக்கும் நடுவே பொதுமக்களுக்கு வாசல் இல்லை. அமெரிக்காவில் இருபத்தைந்து வயதான காருக்கு விலக்கு உண்டு. அந்த விதியைக் கேள்விப்பட்டுவிட்டு நம் பிள்ளைகள் இங்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அடக்க விலை எவ்வளவு?

சரி, மூன்று வயதுக்கு உட்பட்ட காரையே முறைப்படி இறக்குகிறோம் என்று கொள்வோம். நாம் வியாபாரிகள், அடக்கம் போட்டுப் பார்க்காமல் எதையும் தொடக் கூடாது.

முதலில் ஒரு விஷயம். பேரம் பேசி மலிவாக வாங்கினோம் என்பது சுங்கத்தில் எடுபடாது. அந்தக் கார் புதிதாக விற்ற விலையை எடுத்து, முதல் ஆண்டுக்கு 16, இரண்டாம் ஆண்டுக்கு 12, மூன்றாம் ஆண்டுக்கு 10 சதவீதம் தேய்மானம் கழித்து, கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்து மதிப்புப் போடுவதே வழக்கம்.

அந்த மதிப்பு 30 லட்சம் என்று வைப்போம்.

சுங்க வரி 70 சதவீதமும், வேளாண் உள்கட்டமைப்பு மேம்பாட்டு வரி 67.5 சதவீதமும் சேர்ந்து 137.5 சதவீதம் – 41.25 லட்சம்.

இரண்டும் சேர்ந்து 71.25 லட்சம். இதன் மேல் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு 40 சதவீதம் – 28.50 லட்சம்.

ஆக மொத்தம் 99.75 லட்சம்.

30 லட்சம் சரக்கு, கோடி ரூபாய்க்கு 25,000 குறைவாக வந்து நிற்கிறது. மும்பையிலிருந்து ஊர் வந்து சேரும் செலவு, சோதனைக் கட்டணம், பதிவு, சாலை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் இனிமேல்தான்.

'கடை பெயரில் வாங்கினால் ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்ளலாமே' என்று நம்மவர் சிலர் கணக்குப் போடுகிறார்கள். ஆள் ஏறும் காருக்கு உள்ளீட்டு வரிக் கழிவு இல்லை. கார் வியாபாரம், வாடகைக் கார், ஓட்டுநர் பயிற்சி நடத்துவோர்க்கு மட்டுமே உண்டு. மளிகைக்கடைக்காரருக்கு அந்த 28.50 லட்சம் போனது போனதுதான்.

குறுக்கு வழிகள்

நேர்வழி இவ்வளவு செங்குத்தாக இருந்தால் குறுக்கு வழி முளைக்கும். பிரெஞ்சு ஆட்சியில், 1954-க்கு முன்பு, சீமைச் சரக்கு நம் துறைமுகத்தில் இறங்கிய காலத்தில் எல்லையில் நடந்த கதைகளைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். சரக்கு மாறியிருக்கிறதே தவிர வழி மாறவில்லை.

ஒரு வழி 'கார்னெட்'. சுற்றுலாப் பயணி தன் காரைத் தற்காலிகமாகக் கொண்டுவந்து திருப்பி எடுத்துச் செல்லும் அனுமதி. அந்தக் காரை இங்கே விற்பது சட்டவிரோதம். இன்னொரு வழி பூடான். 2025 செப்டம்பர் 23 அன்று கேரளத்தில் சுங்கத் துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்று பெரும் சோதனை நடத்தியது. நும்கோர் என்றால் பூடான் மொழியில் வாகனம். பூடானில் கழித்துவிட்ட லேண்ட் குரூசர் போன்ற ஜப்பான் வண்டிகளும் பிற வண்டிகளும் எல்லை தாண்டிக் கொண்டுவரப்பட்டு, போலி ஆவணங்களால் இமாச்சலப் பிரதேசம் போன்ற இடங்களில் பதிவாகி, தெற்கே விற்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. முதல் நாளிலேயே முப்பதுக்கு மேற்பட்ட வண்டிகளை எடுத்துச் சென்றார்கள். பிரபல நடிகர்கள் வீடுகளிலும் சோதனை நடந்தது.

நம் ஊர்ப் பெயரும் இப்படி அடிபட்டது உண்டு. 2017-ல் கேரளத்தில் பெரும் கார்கள் பல 'பி.ஒய். 01' எண்ணோடு ஓடுவது வெளிவந்தது. அங்கே 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி அப்போது 20 சதவீதமாக இருந்தது. இங்கே மிகக் குறைவு. புதுச்சேரியில் குடியிருப்பதாகப் பொய் முகவரி காட்டிப் பதிந்தார்கள் என்று வழக்குகள் வந்தன. குடியிருக்காதவர்கள் செய்த காரியத்துக்கு, குடியிருக்கும் நாம் எல்லைச் சோதனையில் நின்று பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

வாங்கும் முன் கேளுங்கள்

- பில் ஆப் என்ட்ரி எங்கே? இறக்குமதிக்கு அதுதான் பிறப்புச் சான்று. எண்ணை 'ஐஸ்கேட்' சுங்கத் தளத்தில் சரிபார்க்கலாம்.

- வண்டியில் வெட்டியிருக்கும் சேஸிஸ் எண்ணும் ஆவணத்தில் உள்ளதும் ஒன்றா?

- வண்டிக்குச் சம்பந்தமில்லாத தொலைதூர மாநிலத்தில் முதல் பதிவு ஏன்?

- ரொக்கம் கேட்கிறாரா? 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது.

- விலை சந்தைக்குக் கீழே இருக்கிறதா? ஆர்.34 ஜி.டி.ஆர். இன்று ஜப்பானிலேயே கோடி ரூபாயைத் தாண்டுகிறது. 38 லட்சத்துக்கு எப்படி வரும்? பாதி விலைக்கு மிளகு வந்தால், பப்பாளி விதை இருக்கிறதா என்று கையில் கொட்டிப் பார்க்காமலா வாங்குகிறோம்?

ஆசையை விட முடியாதவர்களுக்கு நேர்வழியும் உண்டு. நிஸ்ஸான் ஜி.டி.ஆர். 2016 டிசம்பரில் 1.99 கோடி விலையில் இந்தியாவிலேயே விற்பனைக்கு வந்தது. நிஸ்ஸான் 370 இசட், மிட்சுபிஷி லேன்சர் எவல்யூஷன் ஆகியவையும் முறையாக விற்கப்பட்டவை. அவற்றில் ஒன்றைப் பழையதாக, சுத்தமான ஆவணத்தோடு வாங்கலாம். டயருக்கும் உதிரிபாகத்துக்கும் ஆகும் செலவையும், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய எஞ்சினுக்கு ஒத்துவருமா என்பதையும் கேட்டுக்கொண்டு வாங்க வேண்டும். வழுதாவூர் சாலையின் வேகத்தடைகள் அந்தத் தாழ்ந்த வண்டியை என்ன செய்யும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

பிறகு என்ன நடந்தது?

தரகர் பில் ஆப் என்ட்ரி தருவதாக மூன்று வாரம் இழுத்தடித்தார். பையன் நம் மேல்தான் கோபப்பட்டான். 'பெரியப்பா கெடுத்துவிட்டார்' என்று அப்பாவிடம் சொன்னானாம். செப்டம்பர் 23-க்கு மறுநாள் தரகரின் கைப்பேசி அணைந்தது. இன்றுவரை அணைந்தே இருக்கிறது. 2 லட்சம் முன்பணம் போய்விட்டது; கொடுத்ததற்கு ரசீதும் இல்லை.

மீதம் 36 லட்சம் தப்பியது. அதில் 20 லட்சம் கடையின் ஓடும் முதல். மாதம் ஒருமுறை புரண்டு 3 சதவீதம் நின்றாலும் மாதம் 60,000, ஆண்டுக்கு 7.20 லட்சம். அந்த முதல் பறிமுதல் வண்டியாகச் சுங்கக் கிடங்கில் நின்றிருந்தால், தீபாவளிச் சரக்குக்கு அந்த நண்பர் யாரிடம் போயிருப்பார்? நாமே கொடுத்திருப்போமா என்பது நமக்கே சந்தேகம்தான்.

பையன் இப்போது கடைக்கு வருகிறான். நம்மைக் கண்டால் வணக்கம் சொல்கிறான், அதிகம் பேசுவதில்லை. கணினியில் அந்தக் காரின் படம் இன்னும் இருக்கிறது. இருக்கட்டும், ஆசைக்கு வரி இல்லை.

வீட்டுப் பிள்ளை கார் என்று ஆரம்பித்தால் வாயை அடைக்காதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, பேப்பரும் பேனாவும் கொடுத்து, அடக்க விலையை அவன் கையாலேயே போடச் சொல்லுங்கள். நாம் அன்று அதை முன்பணம் கொடுத்த பிறகுதான் செய்தோம். நீங்கள் முன்பே செய்யுங்கள்.